இல்லாத வரியை வரைந்து தரும் ஸ்டாக்கிங் மென்பொருள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

நுண்ணோக்கியில் டயட்டம் (கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசி) படமெடுப்பவர்கள் யாராவது "ஒரே கிளிக்கில் முழு ஃபோகஸ், வாழ்நாள் லைசென்ஸ்" என்ற ஸ்டாக்கிங் மென்பொருள் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் கட்டி ஏமாந்துவிட்டேன்.

என்.ஏ. (லென்ஸ் ஒளியைத் திரட்டும் திறனைக் குறிக்கும் எண்) 0.65 உள்ள 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்ஸில் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 1 மைக்ரான் தடிமன்தான். அதனால் ஃபைன் ஃபோகஸ் திருகைத் துளித்துளியாகத் திருப்பி, பின்னுலேரியா என்ற டயட்டம் ஒன்றை 24 படங்களாக எடுத்தேன். இவற்றில் தெளிவாக உள்ள பகுதிகளை ஒரே படமாகச் சேர்ப்பதுதான் ஸ்டாக்கிங். மென்பொருள் சேர்த்துக் கொடுத்த படம் அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் அந்த ஓட்டின் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது எனக்குத் தெரியும். சேர்த்த படத்தில் உடைசலையே காணோம்! ஓட்டின் மேலுள்ள நுண்ணிய வரிகள் ஓரம்வரை ஒழுங்காக ஓடின. 24 படங்களையும் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்த இடத்தில் வரி இல்லை. சந்தேகம் வந்து நடுப்பகுதியை எண்ணினால், 10 மைக்ரானுக்கு மூலப் படத்தில் 9 வரி, சேர்த்த படத்தில் 11. இந்த எண்ணிக்கையை வைத்துத்தானே இனம் பிரிக்கிறோம்?

விற்றவர்களிடம் கேட்டேன். முதலில் "உங்கள் கேமரா ஆடியிருக்கும்" என்றார்கள். படங்களை அனுப்பிய பிறகுதான், சேர்த்து முடித்ததும் ஏஐ கூர்மையாக்கல் தானாக ஓடும், அதை நிறுத்த வழியில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோதனைப் பதிப்போ சின்னப் படம்தான் தரும், அதிலும் குறுக்கே வாட்டர்மார்க். குறை கண்ணில் படவே படாது. சரி, பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்றால், லைசென்ஸ் கீ போட்டுவிட்டால் ரீஃபண்ட் கிடையாதாம்.

இப்போது ஸெரீன் ஸ்டாக்கர் என்ற வேறொரு மென்பொருளை அதன் 30 நாள் சோதனையில் ஓட்டிப் பார்க்கிறேன். அதில் உள்ள இரண்டு சேர்க்கும் முறைகளில், பீமேக்ஸில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் கூடுகிறது, டீமேப்பில் விளிம்பைச் சுற்றி மங்கல் வருகிறது. இரண்டுமே சேர்க்கும் முறையால் வரும் குறைகள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். உடைசல் உடைசலாகவே இருக்கிறது. இலவசமாக வேண்டுமென்றால் பிகோலே இருக்கிறது. எதை வாங்குவதானாலும், உடைந்த ஓடு உள்ள ஒரு ஸ்லைடை முதலில் கொடுத்துப் பாருங்கள்.

அந்த மென்பொருளில் சேர்த்து, இனப்பெயர் போட்டு நண்பர்களுக்கு அனுப்பிய படங்களில் மூன்றை மறுபடி எண்ணித் திருத்தியிருக்கிறேன். மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அதுவும் முடிந்தது.