இரும்பைப் பிரிக்க எது மேல்: கார்பன் மோனாக்சைடா, ஹைட்ரஜனா?

இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க இரண்டு வாயுக்கள் போட்டியிடுகின்றன. கார்பன் மோனாக்சைடு பிடுங்கினால் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் பிடுங்கினால் வெறும் நீராவி. புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால் அத்துடன் வழக்கு முடிந்துவிடும். ஆனால் உலைக்குள் வெப்ப இயக்கவியலும் (வினை எவ்வளவு தூரம் போகும்) வினைவேகவியலும் (எவ்வளவு விரைவாகப் போகும்) ஒரே தீர்ப்பைச் சொல்வதில்லை.

முதலில் சமநிலை. ஹைட்ரஜன்தான் எப்போதும் வலிமையான ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனைப் பிடுங்கும் பொருள், என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது தவறு. ஆக்சிஜனை எது எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்பதை வெப்பநிலைவாரியாகக் காட்டும் எலிங்கம் வரைபடத்தில் இரண்டின் கோடுகளும் ஏறத்தாழ 820 டிகிரி செல்சியஸில் வெட்டிக்கொள்கின்றன. அதற்கு மேலேதான் ஹைட்ரஜன் முந்துகிறது. கீழே கார்பன் மோனாக்சைடின் கையே ஓங்கியிருக்கிறது. மேலே போனாலும் இடைவெளி பெரிதல்ல. 900 டிகிரியில் வூஸ்டைட்டை (ஆக்சிஜன் குறைந்த இரும்பு ஆக்சைடை) இரும்பாக்கும் கடைசிப் படியில் கார்பன் மோனாக்சைடில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும். ஹைட்ரஜனில் அதைவிடச் சற்றே கூடுதல். மிச்சத்தைச் சுத்தம் செய்து மறுபடி உலைக்குள் விட வேண்டும்.

இந்த வரம்பை உணராமல் 19ஆம் நூற்றாண்டில் பெரும் பணம் வீணானது. ஊதுலையிலிருந்து வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஏராளமாக இருப்பதைக் கண்டவர்கள், தாதுவோடு வினைபுரிய நேரம் போதவில்லை என்று எண்ணி உலைகளை மேலும் உயரமாகக் கட்டினார்கள். வாயுவின் விகிதம் மாறவே இல்லை. அது வேகக் குறைவல்ல, சமநிலை என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்லியே எடுத்துக்காட்டினார்.

ஹைட்ரஜனின் உண்மையான பலம் வேகத்தில் இருக்கிறது. பாதி வினைபுரிந்த ஒரு தாது உருண்டையை வெட்டிப் பார்த்தால் வெளியே இரும்பு, அடுத்து வூஸ்டைட், பிறகு மேக்னடைட், நடுவில் ஆக்சிஜன் மிகுந்த சிவந்த ஹெமடைட் என்று அடுக்கடுக்காகத் தெரியும். வாயு இந்த அடுக்குகளின் நுண்துளைகள் வழியே உள்ளே போக வேண்டும். விளைந்த வாயு அதே வழியே வெளியே வர வேண்டும். ஹைட்ரஜனின் மூலக்கூறு நிறை 2, கார்பன் மோனாக்சைடுக்கு 28. இலேசான மூலக்கூறு விரைவாக விரவுகிறது. பரப்பில் நடக்கும் வினையும் ஹைட்ரஜனோடு வேகமானது. ஒரே வெப்பநிலையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஹைட்ரஜன் பல மடங்கு முந்திவிடுகிறது.

இதற்கு விலை வெப்பம். ஒரு மோல் ஹெமடைட்டை ஒடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு சுமார் 25 கிலோஜூல் வெளிவிடுகிறது. ஹைட்ரஜனோ சுமார் 99 கிலோஜூலை உறிஞ்சுகிறது. உலைக்குள் இருக்கும் தாதுப் படுகை குளிர்கிறது. குளிர்ந்தால் வேகமும் குறையும், சமநிலையும் பாதகமாகும்: இரட்டை அடி. வாயுவைக் கூடுதலாகச் சூடேற்றி அனுப்பினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உலையை அடைத்துவிடும்.

டிரினிடாடில் 1999இல் தொடங்கிய சர்கோரெட் ஆலை இதற்கு எதிர்த்திசையில் போனது. தூளான தாதுவைப் பாய்மப் படுகையில் (வாயு ஓட்டத்தில் மிதக்கவிட்டு), ஒட்டாத அளவுக்கு, 650 டிகிரியை ஒட்டி வைத்துத் தனி ஹைட்ரஜனால் ஒடுக்கியது. சமநிலைப்படி கார்பன் மோனாக்சைடுக்குச் சாதகமான வெப்பநிலை அது. ஆனால் அங்கே கார்பன் மோனாக்சைடு சிதைந்து கரியாகப் படியும். ஹைட்ரஜனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊதுலையில் கல்கரியை (கோக்கை) ஹைட்ரஜனால் முழுதாக மாற்ற முடியாது. மேலேயுள்ள சுமையைத் தாங்குவதும் கல்கரிதான். ஹைட்ரஜனில் பிறந்த இரும்பில் கார்பனும் இருக்காது; அதை எஃகாக உருக்கும் மின்வில் உலையில் கசடு நுரைக்கக் கார்பனைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

புதிதாக நேரடி ஒடுக்க உலை (தாதுவை உருக்காமலே வாயுவால் இரும்பாக்கும் உலை) கட்டுபவருக்கு ஹைட்ரஜனையே பரிந்துரைப்பேன். இயற்கை வாயுவில் ஓடும் உலைகளிலேயே கார்பன் மோனாக்சைடைவிட ஹைட்ரஜன்தான் அதிகம். சுவீடனின் லூலியோவில் ஹைப்ரிட் (HYBRIT) திட்டம் 2021இல் ஹைட்ரஜனை மட்டும் கொண்டே ஸ்பாஞ்ச் இரும்பு (உருகாமல் நுண்துளைகளோடு கிடைக்கும் இரும்பு) தயாரித்துக் காட்டிவிட்டது. ஆனால் வடிவமைக்கும்போது உலையின் உயரத்தைவிட, வாயுவைச் சூடேற்றும் அமைப்புக்கும் மறுசுழற்சிக் குழாய்களுக்கும்தான் முதல் கணக்குப் போட வேண்டும்.