மார்ஜினா, பேடிங்கா, கேப்பா?

புதுச்சேரியின் கடற்கரையோரப் பிரெஞ்சு வீடுகளில் மதில் தெருவை ஒட்டியே எழும்பி நிற்க, முற்றமும் தோட்டமும் அதற்கு உள்ளே இருக்கும். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சி.எஸ்.எஸ்., பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பெட்டியாகவே பார்க்கும். அந்த மதிலை அப்பெட்டியின் பார்டர், அதாவது எல்லைக்கோடு, என்று கொண்டால், உள்ளே விட்ட இடம் பேடிங். வெளியே விட்ட இடம் மார்ஜின். 1996-இல் வெளிவந்த முதல் சி.எஸ்.எஸ். தரத்திலேயே இரண்டும் உண்டு. திரையில் ஒன்றுபோலத் தெரிவதால்தான் பலரும் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம்.

பேடிங்கில் குழப்பம் குறைவு. பின்னணி நிறம் அதன்மீதும் பரவும்; பட்டனுக்குக் கொடுத்தால் விரல் படும் பரப்பும் கூடும். முத்தியால்பேட்டை விடுதி ஒன்றுக்கு நான் செய்த பக்கத்தில், ‘அறை பதிவு’ பட்டனைச் சுற்றி 12 பிக்சல் மார்ஜின் கொடுத்துவிட்டு, கைபேசியில் சற்று விலகித் தொட்டால் ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடினேன். இடம் இருந்தது, அது பட்டனுடையதாக இல்லை. அகலம் குறித்த பெட்டி பேடிங்கால் பெருத்துவிடும் என்ற குறையும், பேடிங்கையும் அந்த அகலத்துக்குள்ளேயே அடக்கும்படி பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

வம்பெல்லாம் மார்ஜினில்தான். மேல் பத்திக்குக் கீழே 24 பிக்சலும் அடுத்த பத்திக்கு மேலே 16 பிக்சலும் கொடுத்தால் இடைவெளி 40 ஆகாது. பெரியது சிறியதை விழுங்கி 24 மட்டுமே நிற்கும். பேடிங்கோ பார்டரோ இல்லாத சாதாரணத் தாய்ப்பெட்டியில், முதல் சேய்ப்பெட்டிக்குக் கொடுத்த மேல் மார்ஜின் உள்ளே தங்காமல் தாய்ப்பெட்டியையே கீழே தள்ளிவிடுவது இன்னும் கடுப்பேற்றும். ஆயினும் நீண்ட கட்டுரைகளில் தலைப்பும் பத்தியும் அடுத்தடுத்து வரும்போது இடைவெளி இரட்டிக்காமல் இருப்பது இந்த ஒடுங்கலால்தான் என்பதால், அங்கே நான் மார்ஜினையே வைத்துக்கொள்கிறேன்.

அட்டைபோல வரிசையாக அடுக்கிய பெட்டிகளுக்கு என் தேர்வு கேப்; தாய்ப்பெட்டியில் எழுதினால் சேய்ப்பெட்டிகளுக்கு நடுவே மட்டும் அது இடம் விடும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் முறையில் அது 2021-இல் சஃபாரி 14.1 வந்த பிறகே எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைத்தது. அதே விடுதியின் ஆறு அறை அட்டைகளுக்கும் வலப்பக்க மார்ஜின் கொடுத்து, வரிசைக்கு மூன்று என்பதால் ஒவ்வொரு மூன்றாவது அட்டைக்கும் அதைப் பூஜ்யமாக்கியிருந்தேன். கைபேசியில் வரிசைக்கு இரண்டாக மாறியதும் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டன. தாய்ப்பெட்டியில் எழுதிய ‘கேப் 20 பிக்சல்’ என்ற ஒற்றை வரி அந்த இரு விதிகளையும் தேவையற்றதாக்கியது. ஓர் அட்டையை மட்டும் கூடுதலாகத் தள்ளிவைக்க மார்ஜினிடமே திரும்ப வேண்டும். அப்போது ஒன்றை ஒன்று விழுங்காது, கேப்பின் 20-ம் மார்ஜினுக்குக் கொடுத்த 10-ம் சேர்ந்து 30 ஆகும்.