குக்கர் விசில் கேட்காத மைக்

உறையூரில் எங்கள் வீடு தெருவோடு ஒட்டிய வீடு. வாசற்படி இறங்கினால் சாக்கடைப் பலகை, அதைத் தாண்டினால் ஷேர் ஆட்டோ. ஆடி மாதம் வந்துவிட்டால் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டமும் வழியெல்லாம் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்ளும். இந்த வீட்டில் உட்கார்ந்துதான் இரண்டு வருடமாக வாரம் ஒரு பாட்காஸ்ட் போடுகிறேன். பாதி நான் பேசுவது, பாதி என் மாமியார் பேசுவது. அவருக்கு 76 வயது. கைத்தறி, சுருட்டுக் கொட்டகை, பழைய சமையல் என்று எதை எடுத்தாலும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். நான் பகலில் துவாக்குடியில் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒலிப்பதிவை யாரிடமும் போய்ப் படித்ததில்லை, மைக் வாங்கி வாங்கிக் காசு விட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் வாங்கியது 1,500 ரூபாய்க்குள் ஒரு 'ஸ்டூடியோ செட்'. பெயர் வேண்டாம், அதே உருவத்தைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் சீர்வரிசைத் தட்டு மாதிரி இருந்தது. மைக், மடங்குகிற இரும்புக் கை, பஞ்சுத் தொப்பி, துணி கட்டிய வளையம், மைக்கைத் தொங்கவிட ரப்பர் தொட்டில். லேப்டாப்பில் சொருகிப் பேசினேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல ஒரு குரல். சத்தத்தை ஏற்றினால் குரலோடு சேர்ந்து அடைமழை இரைச்சலும் ஏறியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அது கண்டென்சர் வகை. ஒழுங்காக வேலை செய்ய அதற்கு 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று ஊசி மைக் வயர் வழியாகப் போக வேண்டும், ஃபேண்டம் பவர் என்பார்கள். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கிடைப்பது இரண்டு மூன்று வோல்ட். பெட்டியில் அதை எழுதியிருந்தார்கள், எறும்பு எழுத்தில்.

சரி என்று 48 வோல்ட் பெட்டி ஒன்றும் வாங்கினேன். இப்போது குரல் நன்றாகவே வந்தது. குரலோடு மின்விசிறி வந்தது. குக்கர் வந்தது. பக்கத்து வீட்டு சீரியலில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுகூடத் தெளிவாக வந்தது. மாமியார் கூடத்தில் வெற்றிலை இடிப்பது என் பேச்சுக்குத் தாளம் போட்டதுபோல் விழுந்தது. விசிறியை நிறுத்திப் பேசலாம்தான், ஆனால் கத்திரி வெயிலில் திருச்சியில் விசிறியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பேசிப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பதிவு செய்தும் பார்த்தேன். அந்த நேரத்தில் சேவல். சேவல் ஓய்ந்தால் பால்காரர். மார்கழியாக இருந்தால் ஒலிபெருக்கியில் திருப்பாவை.

எங்கள் தெருமுனையில் ரேடியோ செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர்தான். அவரிடம் போய்ப் புலம்பினேன். சிரித்துக்கொண்டே மேடையில் கொடுக்கிற மைக் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்குக் காது கூர்மையான மைக் ஆகாது. காது மந்தமானதா வாங்குங்க. அது வாய்கிட்ட வச்சு சொன்னாத்தான் கேக்கும். மத்ததுக்கெல்லாம் அது செவிடு."

அந்த மந்தக் காதுக்குப் பெயர் டைனமிக் மைக். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்த மாதிரிதான் அதன் உள்ளமைப்பு. மெல்லிய சவ்வு, சவ்வோடு ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காந்தம். சுருளின் கனத்தையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் குரல் பக்கத்திலிருந்து வந்து தள்ள வேண்டும். கண்டென்சரில் சுருள் கிடையாது, சவ்வு மட்டும்தான். அது சிணுங்கினாலே மைக் கேட்டுவிடும். வெளியிலிருந்து மின்சாரம் கேட்கிற வேலையெல்லாம் டைனமிக்குக்கு இல்லை. மேடைப் பாடகர்கள் கையில் உலகம் முழுக்கப் பார்க்கிற ஷூர் எஸ்எம் 58 இந்த வகைதான். 1966இல் வந்தது, இன்னும் விற்கிறது. நம்மூர் விழாக்களில் பார்க்கிற அகுஜா மைக்கும் பெரும்பாலும் இதே இனம்.

அண்ணன் இன்னொன்றும் காட்டினார். மைக்கின் தலைக்குக் கீழே, கழுத்தருகே, சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பின்பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை அமுக்குவதே அந்தத் துளைகளின் வேலை. தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் துளை அடைபட்டு மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். கல்யாண வீட்டில் யாராவது மைக்கை இறுக்கிப் பிடித்ததும் 'கீ...' என்று ஊளையிடுமே, அதில் பாதி இதனால்தான். எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் வேறு. வால் காட்டுகிற திசையில் மைக்குக்குக் காது மிகக் குறைவு. அன்றிலிருந்து மைக்கின் வாலைச் சமையலறையைப் பார்த்து வைக்கிறேன்.

மேடை மைக்கை அப்படியே லேப்டாப்பில் மாட்ட முடியாது, மைக்கின் ஒலியை ஏற்றி லேப்டாப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர, நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி வேண்டும். அதற்குத் தனிச் செலவு. அதனால் யுஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் ஒரே உடம்பில் உள்ள டைனமிக் மைக்காகத் தேடினேன். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர் 2100எக்ஸ் இரண்டும் கடைசிவரை நின்றன. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். விலை குறைவாகக் கிடைத்தது சாம்சன் என்பதால் அதை வாங்கினேன், 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மொபைல் தயாரிக்கிற சாம்சங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் வரை நம்பவில்லை.

பார்க்க அலங்காரமே இல்லாத கை மைக். யுஎஸ்பியில் சொருகினால் போதும், லேப்டாப்பே கண்டுகொள்கிறது. அடியில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறது. எனக்கு இதன் பெரிய வரமே அதுதான். நம் குரல் தாமதமில்லாமல் நம் காதுக்கே வருகிறது. முதல் நாள் ஹெட்போன் மாட்டிப் பேசியபோதுதான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நான் 'த்ச்' என்று நாக்கைத் தட்டுவது தெரிந்தது. நாற்பது வருடமாகக் கூடவே இருந்திருக்கிறது, யாரும் சொன்னதில்லை. பிற்பாடு இன்டர்ஃபேஸ் வாங்கினால் இதே மைக்கை எக்ஸ்எல்ஆர் வழியாக மாட்டிக்கொள்ளலாம், பழசு வீணாகாது.

வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் பதிவில் குரல் எட்டத்தில் நின்றது. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தேன். அரைச் சாணுக்குக் கொண்டுவந்தேன், நாலு விரலுக்குக் கொண்டுவந்தேன், ஒவ்வொரு முறையும் குரல் மேலே வந்தது, அறை பின்னால் போனது. தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும், ஆனால் எங்கோ மூலையில் கத்துகிற குக்கர் ஏறாது. மந்தக் காது என்று அண்ணன் சொன்ன வித்தையில் பெரும்பங்கு உண்மையில் இந்தக் கிட்டத்தில்தான் இருக்கிறது. கண்டென்சரையும் நாலு விரலில் வைத்துச் சத்தத்தைக் குறைத்தால் அறை ஓரளவு அடங்கும். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் அந்த மலிவுச் செட் என் மூச்சையும் எச்சிலையும்கூட ஊருக்குச் சொன்னது. டைனமிக் அந்த விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மை.

கிட்டே போனால் 'ப' வெடிக்கும். சோதித்துப் பார்க்க நானே ஒரு வாக்கியம் செய்து வைத்திருக்கிறேன்: 'பட்டுப் பாவாடையைப் பாட்டி பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள்.' இதைப் பேசிவிட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சொல்லின் முதலில் வரும் 'ப'வும், 'ப்ப' என்று இரட்டிப்பதும் கம்பம் மாதிரி எழுந்து நிற்கும். 'அன்பு', 'கபடி' என்று நடுவில் வருகிற மென்மையான 'ப' சாதுவாகப் போய்விடும். இதற்குப் பஞ்சுத் தொப்பி பாதி மருந்து. மீதி மருந்துக்குக் காசு வேண்டாம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய், வாயைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். காற்று நேரே போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும்.

மேசையில் நிற்க வைக்கிற சின்ன மூன்றுகால் ஸ்டாண்டை, எந்த மைக்கோடு வந்தாலும், நான் பரணில் போட்டுவிடுவேன். மேசையில் டம்ளர் வைத்தால் குண்டு போட்ட மாதிரி பதிவாகும். அந்த மலிவுச் செட்டில் வந்த இரும்புக் கையில் சாம்சனை மாட்டினேன். கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது, தேங்காய் எண்ணெய் விட்டேன். 1,500 ரூபாயில் இன்றுவரை உழைக்கிற ஒரே உருப்படி அதுதான்.

அறைக்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள். ஒட்டாதீர்கள், வெளிச் சத்தம் எதையும் அது தடுக்காது, பல்லிக்குத்தான் குடியிருப்பு. நான் புடவை பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசுகிறேன். முதுகுக்குப் பின்னால் கொடியில் பவானி ஜமக்காளம். சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலி நன்றாகவே குறைந்தது. லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிடுவேன். சார்ஜர் இருந்தால் எங்கள் வீட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மிச்சத்தை ஆடாசிட்டியில் சரிசெய்கிறேன். அது இலவச மென்பொருள். பேசுவதற்கு முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டால், பிறகு அதைக் காட்டி இரைச்சலை வடிகட்டச் சொல்லலாம். கடைசியில் ஒலியளவை மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அளவு) என்று வைத்துவிடுகிறேன். கேட்பவர்கள் அடிக்கடி வால்யூம் பட்டனைத் தேட வேண்டியிருக்காது.

இதெல்லாம் எனக்குச் சரி. மாமியாருக்கு?

அவரை மைக் முன் உட்கார வைத்ததும் முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர் மைக்கைப் பார்த்துப் பேச மாட்டார், என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். தறிக்குழியில் காலை விட்டது எப்படி என்று சொல்லும்போது குனிவார், நாத்தனார் கதை வந்தால் வாசல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துவார். நாலு விரல் மைக்குக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. "இந்தப் பக்கம் பேசுங்க அத்தை" என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை, "ஏம்மா, நான் ஒங்கிட்ட பேசறேனா, இந்தக் குழவிக்கிட்ட பேசறேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவருக்காக வாங்கியது போயா பிஒய்-எம்1. காலரில் குத்துகிற சின்ன மைக், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இது கண்டென்சர், அதுவும் எல்லாப் பக்கமும் கேட்கிற ஜாதி. நான் இதுவரை சொன்ன நியாயத்துக்கு நேர் எதிர். ஆனால் தலை எங்கே திரும்பினாலும் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பெரிதாக மாறாது, அதுதான் இதன் பலம். ஒயர் 6 மீட்டர் நீளம். ஒரு சின்ன டப்பியில் சுவிட்ச் இருக்கிறது: போனுக்கு ஒரு நிலை, கேமராவுக்கு ஒரு நிலை. கேமராவுக்குத்தான் உள்ளே இருக்கிற எல்ஆர்44 பேட்டரி வேண்டும். உங்கள் போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

புடவையில் இதைக் குத்துவது தனிக் கலை. முந்தானையில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் 'சரக் சரக்'. கழுத்துக்கு நேரே குத்தினால் தாலிச் செயின் வந்து முட்டும். பல தடவை பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்த இடம், இடது தோள் மடிப்பு, செயினுக்கு ஒரு விரல் மேலே. பிளீட்ஸுக்குக் குத்துகிற அதே ஊசிக்குப் பக்கத்தில். மைக்குக்குக் கீழே ஒயரை ஒரு சுற்றுச் சுற்றிக் கிளிப்பில் செருகிவிட்டால் ஒயர் இழுபடுகிற சத்தம் மேலே ஏறாது. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அது கேட்கிறது, கேட்கட்டும்.

மற்றபடி, ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்று சொல்ல 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண் காட்டினால் மயங்காதீர்கள். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதைப் பிடிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேலே அளந்தால் போதும், பேச்சுக்கு 44.1 அல்லது 48 தாராளம். வண்ண விளக்கு எரிகிற மைக் வீடியோ எடுப்பவர்களுக்கு அழகு, காதுக்கு ஒன்றுமில்லை. தோழி வீட்டில் புளூ யெட்டி என்கிற கண்டென்சர் வைத்துப் பேசியிருக்கிறேன். நல்ல மைக், நாலு விதமாகக் கேட்க வைக்கலாம். ஆனால் அவள் இருப்பது ஒன்பதாவது மாடி, ஏசி அறை, மெத்தை சோபா. அந்த வீட்டுக்கு அது பொருந்தும். உங்கள் வீடும் அமைதியாக இருந்தால் கண்டென்சர் வாங்குங்கள், குரலின் நெளிவுசுளிவு டைனமிக்கைவிட நுணுக்கமாகவே விழும். பெரிய பாட்காஸ்ட்களில் பார்த்துவிட்டு ஷூர் எஸ்எம்7பி கேட்பவர்கள் உண்டு. அதன் ஒலி மிகவும் தணிந்தது, 60 டெசிபல் வரை ஏற்றித் தருகிற நல்ல இன்டர்ஃபேஸும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வந்துவிடும்.

க்யூ2யூ வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பிலேயே ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாகாளிக்கிழங்கு ஊறுகாய் பற்றி 22 நிமிடம் பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் பதிவில் ஒரு கோடுதான் இருந்தது, நேர்க்கோடு. துடைக்கும்போது கை பட்டு சுவிட்ச் இறங்கியிருக்கிறது. அன்றைக்கு என்று ஹெட்போனும் மாட்டவில்லை. இப்போது சுவிட்சின் மேல் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

அன்று மறுபடி பேசவும் முடியவில்லை. அதற்குள் கிழங்கு தோல் சீவி முடிந்திருந்தது. மாமியார் தோளில் போயாவைக் குத்திவிட்டு, போனைக் கூடத்தில் வைத்து, "நீங்களே சொல்லுங்க அத்தை" என்றேன். 6 மீட்டர் ஒயர் சமையலறை மேடை வரை சரியாகப் போனது. தயிர் ஊற்றியது, வளையல், பின்னால் மூன்று விசில் எல்லாம் விழுந்திருக்கின்றன. எதையும் வெட்டாமல் அப்படியே போட்டேன்.