இலைத்துளை பார்க்க வாங்கிய குட்டி நுண்ணோக்கி: 400 மடங்கு என்பது பொய், இருந்தும் வைத்துக்கொண்டேன்

பெட்டியின் மேல் '400 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். அடியில் ஒரு ஸ்கேலை வைத்து, போனைக் கிளிப்பில் மாட்டிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி திரையின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. என் போன் திரையின் அகலம் 7 சென்டிமீட்டர். ஆக, 70 மடங்கு. மிச்சமெல்லாம் கேமரா ஜூமையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஓரளவு வரை ஜூம் செய்யலாம். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகிறது.

பொருள் உள்ளங்கையில் அடங்கும். கீழிருந்து மேலே அடிக்கும் ஒரு விளக்கு, ஃபோகஸ் சக்கரம், நான்கு கண்ணாடி ஸ்லைடுகள். சக்கரம் வழுக்குகிறது: கூர்மையாகத் தெரிந்ததும் கையை எடுத்தால் படம் மெல்ல நழுவிவிடும். கிளிப்பும் லொடலொடதான். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். கையேட்டில் அச்சிட்டிருக்கும் படங்கள் இந்தக் கருவியில் எடுத்தவை அல்ல, சத்தியமாக.

நான் இதை வாங்கியதே தொட்டிச் செம்பருத்தியால். மதியம் ஆனால் இலைகளைத் தொங்கப் போட்டுவிடும். பாவமே என்று உடனே ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவேன். அப்படி ஊற்றி ஊற்றியே ஒரு செடியின் வேரை அழுக வைத்தேன். வேர் அழுகினாலும் இலை தொங்கும் என்பதுதான் இதில் கொடுமை. அதற்கும் தண்ணீரே ஊற்றினேன். இலை அப்படி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

செம்பருத்தியில் எளிய வழிதான். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவி, நன்றாகக் காயவிட்டு, செல்லோ டேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்ட வேண்டும். இலையின் தோல் அச்சு அப்படியே டேப்பில் வந்துவிடும். வளைந்து நெளிந்த செல்களுக்கு நடுவே பொடிப் புள்ளிகளாக இலைத்துளைகள், அதாவது காற்றும் நீராவியும் போய்வரும் குட்டி வாய்கள், தெரிந்தன. எண்ணலாம், அவ்வளவுதான். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று இந்த லென்ஸால் சொல்ல முடியவில்லை. கற்றாழையில் துளைகள் உள்வாங்கி இருப்பதால் அச்சே சரியாக விழவில்லை. இரவில் துளை திறக்கும் செடி ஆயிற்றே, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது பார்க்கலாம் என்று இருந்தேன். புல்லில் மட்டும் துளைகள் வரிசை கட்டி நின்றது தெளிவாகவே தெரிந்தது.

கருவி தன் காசுக்கு வேலை செய்தது ஒரே ஒரு செடியில். மேலே பச்சை, அடியில் ஊதா என்று இருக்குமே, ரோயோ, அந்த அழகுச் செடி. இலையைச் சாய்வாகக் கிழித்தால் ஓரத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய தோல் தனியாக வரும். அதை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது நான் வாயடைத்துப் போனேன். ஊதாத் தரையில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் துளையைத் திறந்து மூடும் இரண்டு காப்புச் செல்கள், அவரை விதை போல வளைந்து ஒன்றையொன்று பார்த்தபடி. சுற்றிலும் நான்கு துணைச் செல்கள். நடுவே ஒரு கீற்று. முழுத் துளையும் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் என் முடி ஒன்றைப் போட்டே பார்த்தேன்.

அக்கா மகள் எட்டிப் பார்த்து, "சித்தி, இது உதடு மாதிரி இருக்கு!" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அப்புறம் உப்பை நன்றாகக் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடின் ஓரத்தில் விட்டேன். சில நிமிடங்களில் ஊதாச் சாறு செல் சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டது. உதடுகள் தளர்ந்தன, கீற்று மறைந்தது. நல்ல தண்ணீரை விட்டதும் ஊதா மறுபடி சுவர் வரை பரவியது. துளைகளில் சில திறந்தன, சில திறக்கவேயில்லை.

செடியும் இதைத்தான் செய்கிறது, உப்புச் சொட்டு இல்லாமல். வெளிச்சம் பட்டால் காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதன் பின்னாலேயே தண்ணீர் வரும், செல்கள் உப்பி வெளிப்பக்கம் வளையும், நடுவே துளை திறக்கும். தண்ணீர் தட்டினால் அப்சிசிக் அமிலம் என்ற செடியின் ஹார்மோன் சேரும். அதன் பேச்சைக் கேட்டுப் பொட்டாசியம் வெளியேறும், செல்கள் தொய்யும், துளை மூடும். மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாராகாது. ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். அதனால் முழு நாளும் மூடிவைத்திருக்கவும் முடியாது.

மதியம் செம்பருத்தி தொங்குவது, வேர் கொடுப்பதைவிட இலை வேகமாக இழப்பதால். வெயில் தாழ்ந்ததும் கணக்கு நேராகிவிடும். இப்போதெல்லாம் நான் மறுநாள் காலை வரை பொறுக்கிறேன். காலையிலும் தொங்கினால் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மிஞ்சிய இரண்டு செடிகளும் நன்றாக இருக்கின்றன.

யாருக்கு வாங்கித் தரலாம்? இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தி இருக்கிறதா என்று பார்க்க மட்டுமென்றால் வேண்டாம், சாதாரண கைலென்ஸ் போதும். பாக்டீரியா பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலை, வெங்காயத் தோல், பூவின் மகரந்தம் இவற்றோடு திருப்திப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்கலாம், ரப்பர் பேண்டும் சேர்த்து. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். 70 மடங்கு என்று உண்மையைப் போட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.