நிலைகொள்ளாத பூஜ்ஜியம்: வெடிமருந்து நிறுக்கும் மின்னணுத் தராசுடன் ஏழு ஆண்டுகள்

பழுதுபார்க்க அனுப்பியிருந்த தராசு சென்ற மாதம் திரும்பி வந்தது. அதே நாள்களில், துப்பாக்கித் தோட்டாக்களைத் தாமே நிரப்பத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், வெடிமருந்து நிறுக்க நான் வைத்திருப்பதைப் போன்ற மின்னணுத் தராசையே வாங்கிவிடலாமா என்று கேட்டார். தோட்டாவை அழுத்திப் பூட்டும் பிரஸ்ஸும் அதில் பொருத்தும் அச்சுகளான டைகளும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மருந்து அளவுகளைக் கூறும் கையேடு ஒன்றையும் ஊன்றிப் படித்திருக்கிறார். ஆகவே தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுருக்குவது, நீளம் வெட்டுவது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்துவது ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தராசைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏழு ஆண்டுகள் அதனுடன் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி அதன் பூஜ்ஜியத்தைக் காவல் காத்ததுதான்.

என்னிடம் உள்ளது எடையைக் காட்டுவதோடு நிற்காமல் மருந்தையும் தானே அளந்து கொட்டும் வகை. மேலே மருந்துக் குடுவை, அதன் அடியிலிருந்து நீளும் சுழல்குழாய், குழாயின் வாய்க்குக் கீழே தட்டு. வேண்டிய எடையை அழுத்தினால், குழாய் முதலில் வேகமாகச் சுழன்று பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, இலக்கை நெருங்கும்போது வேகம் தணிந்து, இறுதியில் மணி மணியாக உதிர்த்து நிற்கும். அது காட்டும் மிகச் சிறிய அளவு 0.1 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம் என்பதால், 0.1 கிரெய்ன் என்பது 6.5 மில்லிகிராம், ஒரு குன்றிமணியின் எடையில் மிகச் சிறிய பங்குதான் தேறும். நான் பயன்படுத்தும் குச்சி வடிவ மருந்தில் அது நான்கைந்து மணிகளுக்குச் சமம்.

அந்தக் குச்சி வடிவ மருந்துதான் இந்தத் தராசை நான் வாங்கியதற்கே காரணம். உருண்டை வடிவ மருந்தாக இருந்தால், கன அளவால் அளந்து கொட்டும் சாதாரண முகவையே போதும். அது மணலைப் போல ஓடும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவே விழும். குச்சி மருந்து அப்படி ஓடாது. முகவையின் உருளை திரும்பும்போது விளிம்பில் மாட்டிய குச்சி நறுக்கென்று வெட்டுப்படும். சில சமயம் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து பாலம்போல் அடைத்துக்கொள்ளும். அடுத்த கூட்டில் குறைவாகவும் அதற்கடுத்த கூட்டில் மிகுதியாகவும் விழும். எனது .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா சுடும் இலக்குத் துப்பாக்கிக்கு நன்கு பொருந்திய மருந்து குச்சி வகை. எனவே ஒவ்வொன்றையும் நிறுத்தே ஆகவேண்டும், நிறுக்கும் வேலையை ஒரு இயந்திரம் செய்தால் என் கை குண்டைப் பொருத்திக்கொண்டிருக்கலாம் என்று எண்ணினேன். அந்த எண்ணம் பலித்தது. ஒரு கூட்டில் மருந்தைக் கொட்டி, தட்டைத் திரும்ப வைத்து, குண்டை டையில் பொருத்தி எடுத்துப் பார்க்கும்போது அடுத்த அளவு தயாராக இருக்கும். முன்பு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் விழுங்கிய ஐம்பது தோட்டாக்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. இந்த ஏழு ஆண்டுகளில் ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நிரப்பியிருப்பேன். மோட்டார் ஒருமுறைகூட நின்றதில்லை, குழாய் அடைத்ததில்லை. குடுவையில் மட்டும் மங்கல் படர்ந்திருக்கிறது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தை ஒரு வாரம் அதிலேயே விட்டுவைத்த என் தவற்றால் வந்த கறை அது. இரட்டை அடிப்படை மருந்துகள் எனப்படும் இத்தகையவை சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும். மருந்தை அன்றன்றே அதன் சொந்தக் கலத்தில் திருப்பி ஊற்றிவிட வேண்டும் என்பதற்கு அது ஒரு காரணம். கலத்தை விட்டு வெளியே வந்த மருந்து எந்த மருந்து என்று மறுநாள் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். இந்தத் தராசின் பூஜ்ஜியம் ஓர் இடத்தில் நிற்பதில்லை.

தட்டை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டுத் தட்டை எடுத்தால், தட்டின் எடை எதிர்மறை எண்ணாகத் திரையில் தெரியும். என் தட்டுக்கு அது −154.2. அந்த எண்ணை ஒரு சிறு காகிதத்தில் எழுதித் தராசின் நெற்றியில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தட்டை எடுத்து மருந்தைக் கூட்டில் கொட்டும்போது கண் அந்த எண்ணுக்குப் போகும். −154.2 என்று இருந்தால் மனம் அமைதியாக அடுத்த கூட்டுக்குப் போகும். −154.3 என்றால் பொறுத்துக்கொள்ளலாம். −154.5 என்றால், தராசு இப்போது 0.3 கிரெய்ன் குறைத்துக் காட்டுகிறது, அதாவது கடைசியாகக் கொட்டிய மருந்து திரை சொன்னதைவிட 0.3 கிரெய்ன் கூடுதல் என்று பொருள். எந்தக் கூட்டிலிருந்து இந்தப் பிழை தொடங்கியது என்பதைத் தராசு சொல்லாது.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள், பேச்சுத் துணைக்கு ஆள் இருந்ததால், அந்த எண்ணைப் பார்க்காமலேயே அறுபது தோட்டாக்களை நிரப்பி முடித்துவிட்டேன். முடிவில் தட்டை எடுத்தபோது திரையில் −154.6 இருந்தது. அறுபதையும் சுத்தியல் வடிவக் கழற்றியில் வைத்துத் தட்டித் தட்டிக் குண்டுகளைக் கழற்றினேன். எடைக்கல்லைக் கொண்டு தராசைச் சரிபார்த்து, வரிசை மாறாமல் ஒவ்வொன்றின் மருந்தையும் மீண்டும் நிறுத்தேன். முதல் இருபதும் சரியாக இருந்தன. அதன்பின் சிறிது சிறிதாக ஏறி, கடைசிப் பத்தும் 0.4 கிரெய்ன் கூடுதலாக இருந்தன. நான் வைத்திருந்த அளவு கையேட்டின் மேல்வரம்புக்கு ஒரு கிரெய்னுக்கும் மேல் குறைவு என்பதால் அவற்றைச் சுட்டிருந்தாலும் ஆபத்து வந்திருக்காது. அந்தப் பாதுகாப்பைத் தந்தது தராசு அன்று, மேல்வரம்பை ஒட்டி நிரப்புவதில்லை என்ற என் வழக்கம். .308 வின்செஸ்டருக்கு ஐரோப்பாவில் துப்பாக்கி, தோட்டாக்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் சி.ஐ.பி. அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 4,150 பார். மருந்து கூடக்கூட அழுத்தம் அதே விகிதத்தில் ஏறாது, அதைவிட விரைந்து ஏறும். கூட்டின் வாயைக் குண்டு மூடியபின் உள்ளே இருப்பதைக் காண வழி இல்லை. தோட்டா நிரப்புகிறவனுக்குக் கையில் இருக்கும் ஒரே சாட்சி தராசுதான். அந்தச் சாட்சி சொல் மாறினால் மற்ற நுட்பங்கள் எல்லாம் இருந்தும் பயன் இல்லை.

காரணத்தைத் தேடாமல் குறை மட்டும் சொன்னேன் என்று எவரும் கருத வேண்டாம். இத்தகைய தராசுகளின் உள்ளே இருப்பது லோடு செல்: ஓர் அலுமினியத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைப் பட்டைகள். எடையின் கீழ் அலுமினியம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது பட்டைகளின் மின்தடை மாறும். அந்த மிகச் சிறிய மாற்றத்தைப் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறார்கள். வெப்பம் மாறினாலும் உலோகம் நீளும், மின்தடையும் மாறும். ஆகவே தராசை இயக்கியவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் சூடேற விட வேண்டும். அப்படிச் செய்தபின் என் சிக்கலில் பாதி தீர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்விசிறியை நிறுத்தினேன், சன்னலை மூடினேன்; கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன்; மேசையை மட்டப்பலகை வைத்துச் சமப்படுத்தினேன். பிளாஸ்டிக் தட்டில் நிலைமின்னேற்றம் தங்கி மருந்து மணிகள் ஒட்டிக்கொள்வதைக் கண்டு, உலோகத் தட்டுக்கு மாறினேன். ஒவ்வொன்றும் சிறிது உதவியது. எதுவும் முழுவதும் தீர்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டு நிலைத்துவிட்டது என்று தராசு ஒருமுறை முடிவு செய்தபின், நாம் கையால் ஓரிரு மணிகளை மெல்லச் சேர்த்தால், அதை நடுக்கமாக எடுத்துக்கொண்டு எண்ணை மாற்றாமலேயே இருக்கும். தட்டைத் தூக்கி மீண்டும் வைத்தால்தான் உண்மை எடை தெரியும். எண்கள் துள்ளாமல் இருப்பதற்காக வைத்த வடிகட்டல், நமக்குத் தேவைப்படும் துல்லியத்தையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறது.

அளவுத்திருத்தத்துக்கு இதனுடன் தந்த எடைக்கல் 50 கிராம், அதாவது ஏறத்தாழ 771.6 கிரெய்ன். நான் நிறுப்பதோ மூன்று கிராம் அளவு. எங்கோ உயரத்தில் சரி என்று சொல்லிவிட்டால் கீழேயும் சரியாக இருக்கும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே நிறுக்கும் எடைக்கு நெருங்கிய சோதனை எடைக்கற்கள் ஒரு தொகுதி தனியே வாங்கினேன். இந்த ஏழு ஆண்டுகளில் இந்த வேலைக்காக வாங்கியவற்றில் மிக நல்லது எது என்று கேட்டால், தயங்காமல் அந்தச் சிறு பெட்டியைக் காட்டுவேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. .308 அளவுள்ள கூட்டில் 0.1 கிரெய்ன் மாற்றம் குண்டின் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை மாற்றும். குண்டின் வேகத்தை அளக்கும் என் குரோனோகிராஃப் காட்டும் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு, மருந்தை எவ்வளவு கவனமாக நிறுத்தாலும், அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. கூட்டின் உட்கொள்ளளவு ஒன்றுக்கொன்று வேறுபடுவதும், குண்டைப் பற்றியிருக்கும் கழுத்தின் இறுக்கம் வேறுபடுவதும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளைக் கழுத்துகளைச் சூடேற்றிப் பதப்படுத்தத் தொடங்கியபின் என் இலக்கட்டையில் உயரவாக்கில் தெரிந்த சிதறல் குறைந்தது. தராசோடு நான் மல்லுக்கட்டிய மாதங்களில் அது குறையவில்லை. வேட்டைத் தோட்டாவைப் பொறுத்தவரை இந்த 0.1 கிரெய்ன் பேச்சே வேண்டியதில்லை. நூறு, நூற்றைம்பது மீட்டரில் விலங்கைத் துன்புறுத்தாமல் வீழ்த்துவது பொருத்தமான குண்டும் பொறுமையுமே. வேட்டைக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு தோட்டாவும் தங்குதடையின்றித் துப்பாக்கியின் அறைக்குள் நுழைகிறதா என்று, பாதுகாப்பான திசையில் குழலை நோக்கிவைத்துச் சோதிப்பது, இன்னொரு பதின்மப் புள்ளி துல்லியத்தைவிடப் பயனுள்ளது. ஆக, எண்களைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்வதானால், இந்தத் தராசு தான் சொன்னதைப் பெரும்பாலும் செய்துகொடுத்திருக்கிறது.

பழுதுபார்ப்பு அனுபவத்திலும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற மாதங்களில் பூஜ்ஜியம் ஒரே மாலையில் ஒரு கிரெய்ன் வரை நகரத் தொடங்கியதால்தான் அனுப்பினேன். லோடு செல்லையே மாற்றி, சோதித்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, நன்றாகப் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். முதல் மூன்று மாலைகள் திரை −154.2-ஐ விட்டு அசையவே இல்லை. அந்த மூன்று நாள்களும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்காம் மாலை, சூடேற விட்டு, சன்னல் மூடி, எல்லாம் முறைப்படி செய்து நாற்பது நிமிடங்கள் ஆனபின், −154.4. 0.2 கிரெய்ன்தான். விற்பவர் தரும் குறிப்பேட்டின்படி பார்த்தால் அது பெரும் பிழை அன்று. ஆனால் நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன்.

அன்று எடுத்தது பழைய துலாக்கோல். ஈராண்டுகளுக்கு முன், இந்த விளையாட்டை விட்டு விலகிய முதியவர் ஒருவரிடமிருந்து வாங்கியது. வார்ப்பு உலோக அடிப்பகுதி, அகேட் கல்லில் அமர்ந்த கத்திமுனை, முள் நீண்டநேரம் ஆடாமல் அடக்கக் காந்தம், அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், சூடேற வேண்டாம். காற்று வீசினால் ஆடும். காற்று நின்றால் தானும் நிற்கும். பூஜ்ஜியத்தைத் தொடக்கத்தில் திருகால் சரிசெய்துவிட்டால் அன்று முழுவதும் அது அங்கேயே இருக்கிறது. மருந்தின் ஒரே ஒரு மணியைத் தட்டில் இட்டால் முள் மெல்ல எழுவதைக் கண்ணால் காணலாம். முதன்முறை அதைக் கண்டபோது, ஒரே மணியை எடுப்பதும் இடுவதுமாகப் பத்து முறை செய்து பார்த்தேன். கண்ணை முள்ளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வைக்கோணம் ஏமாற்றும். கோலில் நகரும் எடை தவறான பள்ளத்தில் அமர்ந்துவிட்டால் பிழை 0.4 கிரெய்னோடு நிற்காது, முழுக் கிரெய்ன்களிலேயே வரும். அந்த வகையில் இது மின்னணுத் தராசைவிடக் கொடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பிழை ஒரே இடத்தில் நிற்கும் பிழை. தொடங்குமுன்னும் முடித்தபின்னும் ஓர் எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

இப்போது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். இயந்திரத்தை இலக்குக்கு 0.3 கிரெய்ன் குறைவாகக் கொட்டச் சொல்லிவிட்டு, தட்டைத் துலாக்கோலுக்கு மாற்றி, எஞ்சியதைக் கையால் உதிர்த்து முடிக்கிறேன். ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்தக் கூடுதல் அரை மணி எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வேகம், உழைப்பு, பழுதுபார்ப்பு என்று மேலே நான் பாராட்டியவை அனைத்தும் உண்மை; அவற்றில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் தொடக்கத்தில் இருப்பவர் கையில் இதை ஒரே தராசாகக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் ஒரு நல்ல துலாக்கோலும் சோதனை எடைக்கற்களும் வாங்கட்டும். ஆண்டுக்கு ஆயிரம் தோட்டாக்கள் நிரப்பும் நிலை வந்தபின் இயந்திரத்தைப் பற்றி மீண்டும் கேட்கட்டும். அன்று என் கோபம் தணிந்திருந்தால் வேறு பதிலும் சொல்லக்கூடும். அவருடைய முதல் இருபது தோட்டாக்களை, கையேட்டில் உள்ள தொடக்க அளவிலேயே, என் மேசையில் என் துலாக்கோலில் நிறுத்து நிரப்புவதாகப் பேசியிருக்கிறோம். எடைக்கல் பெட்டியை அவர் வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.