துவாஸ் சோதனைக்கூடம்: படம் அருமை, அறிக்கை சுமார்

4340 என்ற கலப்பு எஃகில் 25 மில்லிமீட்டர் தண்டு ஒன்றை 870 டிகிரியில் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு, உள்ளே என்ன நுண்ணமைப்பு உருவாகியிருக்கிறது என்று பார்க்கச் சிங்கப்பூர்த் துவாஸில் ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். மெருகேற்றி, 2% நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவி, 500 மடங்கில் எடுத்த படத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அறிக்கையில் 'ஃபெரைட், பெர்லைட்' என்று, அதாவது எஃகு மெதுவாக ஆறும்போது வரும் மென்மையான அமைப்புகளை, எழுதியிருந்தார்கள். என்னது? நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் இருக்கிற இந்த மாதிரி எஃகில் பெர்லைட் உருவாக ரொம்ப நேரம் பிடிக்கும், அதனால் காற்றில் ஆறினாலே அவற்றைவிடக் கடினமான பெய்னைட்டும் கொஞ்சம் மார்ட்டென்சைட்டும் வந்துவிடும். அவர்கள் எடுத்த படத்திலேயே அதுதான் ஊசி ஊசியாகத் தெரிகிறது, கடினமும் ராக்வெல் சி அளவுகோலில் 38, ஃபெரைட்-பெர்லைட்டுக்கு இது ரொம்ப அதிகம்! வேறு யாருடைய அறிக்கையையோ அப்படியே ஒட்டிவிட்டார்கள் போல. கூப்பிட்டுச் சொன்னதும் மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள், சரி. படத்துக்காக மறுபடியும் போவேன்.