வாடகையா, விலையா, பரப்பா, மண்ணா: சொத்து வரியை எதன்மேல் போடுவது?

நகர மன்றத்தில் பட்ஜெட் வைக்கும் நாளில் சண்டை முழுக்க ஒரே எண்ணைச் சுற்றித்தான் நடக்கும்: இந்த வருஷம் சொத்து வரி எத்தனை சதவீதம் ஏறுகிறது? அந்தச் சதவீதம் எதன்மேல் என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் வரி ரசீதில் வந்து விழும் தொகையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் கேள்விதான்.

வீட்டுக்கு வரி போட நான்கு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வீடு என்ன வாடகைக்குப் போகும், என்ன விலைக்குப் போகும், எவ்வளவு பரப்பு, அடியில் இருக்கும் மனை மட்டும் எவ்வளவு பெறும். நியூசிலாந்தில் சட்டமே இவற்றில் பரப்பைத் தவிர்த்த மூன்றையும் மன்றங்களின் முன்னால் வைத்து, உங்கள் ஊருக்கு எது ஒத்துவருமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. புதிதாகப் போடும்போது நான்குமே நியாயமாகத்தான் தெரியும். பத்துப் பதினைந்து வருஷம் கைவைக்காமல் விட்டால் எது எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். நான் அந்தக் கண்ணோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. மன்றத்தின் ஆண்டுச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். மேல் அரசின் மானியம் 45, கட்டணங்களும் உரிமத் தொகைகளும் 15. மீதி 40ஐ சொத்து வரியில் எடுக்க வேண்டும். இங்கிலாந்து, நியூசிலாந்து, அமெரிக்காவின் பல ஊர்களில் கணக்கு இப்படிப் பின்னாலிருந்துதான் போகும்: முதலில் அந்த 40, அப்புறம் அதை ஊரின் மொத்த மதிப்பால் வகுத்து விகிதம். எல்லா வீட்டின் மதிப்பும் இரட்டித்தால் விகிதம் பாதியாகும். யாருடைய ரசீதும் மாறாது. மற்ற தெருக்களைவிட உங்கள் தெரு வேகமாக ஏறியிருந்தால்தான் உங்கள் பங்கு கூடும். விகிதத்தை நிலையாக வைத்திருக்கும் ஊர்களிலோ மதிப்பு ஏறினால் வரியும் கூடவே ஏறும். சீராய்வு என்ற சொல் காதில் விழுந்ததும் மக்கள் பர்ஸைப் பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவது வகை ஊர்களில் சரி. முதல் வகை ஊர்களிலும் அதே பயம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இருப்பதிலேயே பழையது வாடகை மதிப்பு. இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் நிவாரணச் சட்டத்தில் வேர்விட்ட ‘ரேட்ஸ்’ வரி, வீடுகளைப் பொறுத்தவரை 1990 வரை வாடகை மதிப்பில்தான் நின்றது. உரிமையாளரே குடியிருந்தாலும், வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் வாடகைக்கு இருந்தால் ஊகத்துக்கு ஆதாரம் இருக்கும். ஹாங்காங்கில் இது ஓடுகிறது. 1999 முதல் ஆண்டுதோறும் மதிப்பைத் திருத்துகிறார்கள். ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பக்கம் வாடகையை உறையவைத்தால், வரியும் கூடவே உறைந்துபோகும். இந்தியாவில் அதுதான் நடந்தது. அந்தச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல், வரிக்கான ஆண்டு வாடகை மதிப்பை நிர்ணயிக்கக் கூடாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மாநகராட்சிகளின் கை கட்டப்பட்டது. தீர்ப்பில் தப்பில்லை, அளவுகோல்தான் வேறொரு சட்டத்தின் தயவில் இருந்தது.

அந்தக் கட்டிலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான் பரப்பு முறை. பாட்னா 1993இல் தொடங்கியது, டெல்லி 2004இல், பெங்களூரு 2008இல். ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகு மதிப்பு. அதைப் பரப்பால் பெருக்கி, கட்டடத்தின் வயது, வகை, பயன்பாடு ஆகியவற்றுக்குக் காரணி போட வேண்டியதுதான். டேப் எடுத்து அளக்கத் தெரிந்தவர் தன் வரியைத் தானே போட்டுப் படிவத்தை நிரப்பிவிடலாம். வரி வசூலிக்க வருபவரின் ‘பார்த்துப் போட்டுக்கலாம்’ என்ற பேச்சுக்கு இடம் குறைகிறது. எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான்.

இதுவும் பழசாகும். பரப்பு மாறாது, மண்டலம் மாறிக்கொண்டே இருக்கும். ரயில் பாதை வந்து விலை எங்கோ போயிருக்கும், மண்டல எழுத்து மட்டும் பழையதாகவே இருக்கும். டெல்லியில் ஏ முதல் எச் வரை எட்டு வகை. தொடக்கத்தில் ஏ வகைக்குச் சதுர மீட்டருக்கு 630 ரூபாய், எச் வகைக்கு 100. இங்கிலாந்தில் இப்போது வீடுகளுக்குப் போடும் கவுன்சில் வரியிலும் ஏ முதல் எச் வரை எட்டுப் படிகள்தான். ஆனால் டெல்லியில் ஏ பணக்காரப் பகுதி, இங்கிலாந்தில் ஏ மிக மலிவான வீடு. எழுத்து தலைகீழானதோடு போகவில்லை: டெல்லியில் மேலும் கீழும் 6.3 மடங்கு, இங்கிலாந்தில் எச் கட்டுவது ஏ கட்டுவதைப் போல வெறும் 3 மடங்கு. இத்தனைக்கும் இங்கிலாந்துதான் வீட்டின் விலையை அடிப்படையாக வைத்திருக்கும் நாடு!

விலை முறை காகிதத்தில் மிக நேர்மையானது. வசதிக்கு ஏற்ற வரி என்ற எண்ணத்துக்கு இதைவிட நெருங்கி வருவது கடினம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று நடக்கும் இடத்தில் மட்டும் இதற்குக் கால் ஊன்ற இடமிருக்காது. இந்த முறையில் திருத்தத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, வரியை மதிப்பில் 1 சதவீதத்தில் நிறுத்தியது; வீடு கைமாறும்வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றது. விளைவு, ஒரே மாதிரியான இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நேற்று வாங்கியவர், முப்பது வருஷமாக இருப்பவரைப் போலப் பல மடங்கு கட்டுவார். இதை எதிர்த்துப் போன வழக்கில் 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

மனை மதிப்புதான் பொருளாதாரம் படித்தவர்களின் செல்லப்பிள்ளை. மாடி கட்டினால் வரி ஏறும் என்பது கட்டியவனுக்குத் தண்டனை. மண்ணுக்கு மட்டும் வரி என்றால் கட்டுவதும் கட்டாததும் அவரவர் பாடு. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதற்காக ஓர் இயக்கத்தையே கிளப்பினார். எஸ்தோனியாவில் நில வரி மண்ணுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1913இலிருந்து மனைக்குக் கூடுதல் விகிதம், கட்டடத்துக்குக் குறைந்த விகிதம் என்று நடத்திப் பார்த்தது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகம் செய்த மறுமதிப்பீட்டில் மனை மதிப்புகள் திடீரென்று எகிற, கூச்சல் கிளம்பி 2001இல் கைவிட்டது. நகரின் நடுவில் காலிமனை விற்பதே அபூர்வம். பிறகு மனைக்குத் தனி விலை எங்கிருந்து கிடைக்கும்?

தலைக்கு இவ்வளவு என்ற ஐந்தாவது வழியும் உண்டு. 1990இல் இங்கிலாந்தில் அதைக் கொண்டுவந்த பிரதமர் மார்கரெட் தாட்சர் அதே ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். அதைப் பற்றி இது போதும்.

சரி, ஆட்களை வைத்துப் பார்ப்போம். விலை ஏறிய தெருவில், பழைய வீட்டில், ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிக்கு மனை முறை மிகக் கடினம், விலை முறை கடினம், பரப்பு முறை ஆறுதல். காலிமனையைப் பூட்டி வைத்திருப்பவருக்கு வாடகை முறை கொண்டாட்டம், மனை முறை வயிற்றெரிச்சல். ஒரே மனையை நூறு குடும்பங்கள் பங்குபோடும் அடுக்ககத்தில் மனை முறை ஒவ்வொருவருக்கும் சொற்பமாகத்தான் வரும். தனி வீட்டுக்காரர்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லிக் குறைப்படுவார்கள். பாட்டியைக் காட்டித்தான் விலை முறையைப் பெரும்பாலும் எதிர்க்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது கடந்தவர்கள் வரியைத் தள்ளிப்போடலாம். மாகாண அரசு மன்றத்துக்குக் கட்டிவிட்டு, வீடு விற்கும்போது வட்டியோடு பிடித்துக்கொள்ளும். பாட்டிக்கு வழி இருக்கிறது. பங்களாக்காரர்கள் அவர் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை.

என் தேர்வு இது. பதிவேடு ஒழுங்காக இல்லாத நகரம் பரப்பில் தொடங்கட்டும், மண்டல மதிப்பைத் திருத்தும் தேதியைச் சட்டத்திலேயே எழுதிவிட்டு. பத்திர விலையை நம்ப முடிகிற நகரம் விலைக்குப் போகட்டும். மனை முறையைக் காலிமனைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். வாடகை முறையை ஹாங்காங் போல ஆண்டுதோறும் திருத்தத் தெம்பு இருப்பவர்கள்தான் தொட வேண்டும்.

எதை எடுத்தாலும் இடைவெளி நீளக்கூடாது. நியூசிலாந்தில் குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு உண்டு. ஏற்ற இறக்கம் சின்னச் சின்னதாகப் போய்விடும். இங்கிலாந்தின் பக்கத்தில் இருக்கும் வேல்ஸிலும் கவுன்சில் வரிதான்; 1991 விலையிலிருந்து 2003ஆம் ஆண்டு விலைக்கு அது 2005இல்தான் மாறியது. அங்கே கீழ்ப் படிக்கு இறங்கிய வீடுகளைவிட மேல் படிக்கு ஏறியவை அதிகம். 2007இல் தானும் செய்வதாக இருந்த இங்கிலாந்து, அதே 2005இல் திட்டத்தைத் தள்ளிவைத்தது. அதனால் அங்கே புதிதாக ஒரு வீட்டைக் கட்டி முடித்தால், 1991 ஏப்ரலில் அது விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று ஓர் அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.